பெங்களூரு வாடகை வீட்டில் காசு எங்கே ஒழுகுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சிக்கனக் குறிப்புகளில் பெரும்பாலானவை உத்தரவுகளாகவே இருக்கும். லைட்டை அணை, குழாயை மூடு, ஓட்டலில் சாப்பிடாதே. இதெல்லாம் யாருக்கும் தெரியாததல்ல. தெரிந்தும் செலவு குறையாததற்குக் காரணம், காசு போகிற இடம் ஒன்றாகவும் நாம் இறுக்கிப் பிடிக்கிற இடம் வேறாகவும் இருப்பதுதான். போன் சார்ஜரைப் பிடுங்கி வைக்கவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுகிற அதே வீட்டில், மாடி டேங்க் தினமும் வழிந்துகொண்டிருக்கும்.

அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். அல்சூர், ஸ்ரீராம்புரம், ஈஜிபுரா, விவேக்நகர் பக்கம் ஓனர் கீழே, நாம் மேலே என்று குடியிருக்கிற வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு மாதத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று கடைசி வரை தெரியாது.

பூஜ்யம் வந்துகொண்டிருந்த கரண்ட் பில் திடீரென்று ஆயிரத்தைத் தாண்டுகிறது

எடுத்தவுடன் பழுது என்று நினைக்க வேண்டாம். அநேகமாக இது க்ருஹ ஜோதி கணக்கு, அதாவது கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டம். 2023 ஆகஸ்ட் பில்லிலிருந்து அமலுக்கு வந்த இந்தத் திட்டத்தை '200 யூனிட் இலவசம்' என்று சொல்லிச் சொல்லியே எல்லோரையும் குழப்பிவிட்டார்கள். 200 என்பது உச்சவரம்பு மட்டும்தான். உங்கள் வீட்டுக்கு உரிய இலவச அளவு, அந்த ஆர்.ஆர். நம்பரில் (பில்லில் உள்ள மின் இணைப்பு எண்) 2022-23ஆம் ஆண்டில் மாதச் சராசரியாக எவ்வளவு ஓடியதோ அதோடு 10 சதவீதம். சராசரி 90 யூனிட் என்றால் உங்களுக்கு இலவசம் 99. சராசரி 48 யூனிட்டுக்குள் இருந்த வீடுகளுக்கு மட்டும் சதவீதத்துக்குப் பதிலாக 10 யூனிட் கூட்டித் தருகிறார்கள். ஒரு வருடக் கணக்கே இல்லாத புது இணைப்புக்கு 58 யூனிட்.

அந்த 99 யூனிட் வீட்டையே எடுத்துக்கொள்வோம். 99க்குள் நின்றால் பில் பூஜ்யம். 99ஐத் தாண்டி 200க்குள் நின்றால், கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டும் காசு. 201 ஆகிவிட்டால் சலுகை மொத்தமும் போச்சு. முதல் யூனிட்டிலிருந்து முழு பில். 2024 ஏப்ரலுக்குப் பிறகு வீட்டு இணைப்புக்கு ஏறக்குறைய யூனிட் ஆறு ரூபாய் என்ற ஒரே விகிதம். அதோடு கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் வரியும் சேரும்போது, மூன்று கிலோவாட் இணைப்பில் மொத்த பில் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஊரிலிருந்து அத்தை குடும்பம் வந்து பத்து நாள் தங்கினால் போதும், இது நடந்துவிடும்.

என்ன செய்யலாம்? பில்லில் உங்கள் இலவச அளவு எவ்வளவு என்று பார்த்து, அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் எழுதுங்கள். ஞாயிறுதோறும் மீட்டரில் உள்ள ரீடிங்கைப் பக்கத்தில் குறித்துவாருங்கள். வாரத்துக்கு 46 யூனிட்டுக்கு மேல் போனால் 200ஐத் தாண்டப் போகிறீர்கள் என்று அர்த்தம். மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிட்டால், கடைசி வாரம் கீசரைக் கட்டுப்படுத்தியே உள்ளே நின்றுவிடலாம். இந்த ஊரில் ஒரு வாடகைக் குடும்பம் மிச்சம் பிடிக்கக்கூடிய வழிகளில் இதைவிட லாபமானது வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வீடு மாறியவர்களுக்கு வேறு சிக்கல். பழைய வீட்டின் ஆர்.ஆர். நம்பரோடு உங்கள் ஆதார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் புது வீட்டுக்குப் பதிவு ஏறாது. கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் முதலில் பழைய இணைப்பை விடுவித்துவிட்டு, அப்புறம் புதியதைப் பதியுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் பதியலாம். ஓனர் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்று யாராவது சொன்னால், நேரே அருகிலுள்ள பெஸ்காம் (மின் விநியோக நிறுவனம்) அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், அல்லது 1912க்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக்குத் தனி ஆர்.ஆர். நம்பரே இல்லாமல், ஓனர் ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வாங்குகிறாரா? அப்படியானால் இந்தச் சலுகை உங்களை எட்டவே எட்டாது. அடுத்த வீடு பார்க்கும்போது வாடகை, அட்வான்ஸ் கேட்பதற்கு முன்னால் 'கரண்ட் மீட்டர் தனியா?' என்று கேளுங்கள். ஐந்நூறு ரூபாய் வாடகை கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் வீடு சில சமயம் மலிவாகவே முடியும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடுகிறது

இதைப் பகலில் செய்யுங்கள், கால் மணி நேரம் போதும்.

1. வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் சோதனையே தப்பாகிவிடும்.

2. மீட்டரில் சிமிட்டுகிற சிவப்பு விளக்கைப் பாருங்கள். பக்கத்தில் 3200 என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட். ஐந்து நிமிடம் பார்த்தும் சிமிட்டவில்லை என்றால் வயரிங்கில் கசிவு இல்லை. இந்தத் தலைப்பை விட்டுவிடலாம்.

3. சிமிட்டினால், இப்போது மெயின் ஸ்விட்சை அணையுங்கள். சிமிட்டல் நின்றால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். மெயினைப் போட்டுவிட்டு, மீட்டர் போர்டில் பகுதி பகுதியாகக் கரண்டைத் துண்டிக்கிற எம்.சி.பி. ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். குளியலறைப் பக்கம் ஈரம் ஏறிய சுவரும் பழைய கீசரும்தான் பெரும்பாலும் மாட்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்வரை அந்த எம்.சி.பி.யை ஏற்றாதீர்கள். இது காசு விஷயம் மட்டுமல்ல, ஷாக் அடிக்கும்.

4. மெயினை அணைத்தும் சிமிட்டுகிறதா? அப்படியானால் மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவே யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாடிப்படி லைட், கேட் லைட், சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மோட்டார், எதுவாகவும் இருக்கலாம்.

நாலாவது நிலை பழைய கட்டடங்களில் சாதாரணம். ஓனர் வேண்டுமென்றே செய்தார் என்றும் சொல்ல முடியாது. எப்போதோ வயரிங் செய்தவர் கைக்குக் கிடைத்த மீட்டரில் மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். சண்டையாக ஆரம்பிக்காமல், மோட்டார் போடுகிற நேரத்தில் "அங்கிள், மோட்டார் போட்டா எங்க மீட்டர் வேகமா ஓடுது, ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேல் போகும். தினம் ஒரு மணி நேரம் என்றால் மாதம் 22 யூனிட்டுக்கு மேல், அதுவும் மூன்று குடும்பத்துக்கான தண்ணீருக்கு. கண்ணால் பார்த்துவிட்டால் பேச்சு சுலபமாக முடியும்.

சார்ஜர் கதைக்கு வருவோம். போன் செருகாத சார்ஜர் மாதம் முழுக்க ப்ளக்கில் இருந்தாலும் அரை யூனிட்கூட ஆகாது. ஸ்விட்சை அணைக்காமல் ரிமோட்டில் மட்டும் நிறுத்தி வைக்கிற செட்டாப் பாக்ஸ், பத்து வாட் இழுத்தாலே மாதம் ஏழு யூனிட் ஆகிவிடும். திட்டுவதானால் செட்டாப் பாக்ஸுக்காகத் திட்டுங்கள்.

கீசர் இரைகிறது, ஒரு பக்கெட்டோடு சுடுதண்ணீர் தீர்ந்துவிடுகிறது

போர் தண்ணீர் வருகிற வீடுகளில் இது வராமலிருந்தால்தான் ஆச்சரியம். உப்பு காயில் மேல் கெட்டியாகப் படிந்து, தண்ணீர் கொதிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். காயிலைச் சுற்றி மட்டும் சூடேறி தெர்மோஸ்டாட் சீக்கிரமே நின்றுவிடும். வெளியே வருவது அரைச்சூட்டுத் தண்ணீர். நாம் மறுபடி ஸ்விட்சைப் போடுவோம். இப்படியே போனால் ஒருநாள் காயில் எரிந்துவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை கீசரைத் திறந்து உப்பைச் சுரண்டி, உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி அரிக்காமல் தான் கரைந்துபோவதற்காகவே அந்தக் கம்பி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால் அடுத்து ஓட்டை விழுவது தொட்டியில். கம்பியை மாற்றச் சில நூறு ரூபாய், கீசரை மாற்றப் பல ஆயிரம். சர்வீஸ் ஆள் 'காயில், தெர்மோஸ்டாட் எல்லாம் மாத்தணும்' என்று சொன்னால் பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள். எஸ்.பி. ரோட்டுப் பக்கம் போகிற வேலை இருந்தால் அதே சாமானின் விலையை ஒரு கடையில் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற சுமார் 0.7 யூனிட் ஆகும். நாலு பேர், ஆளுக்கு ஒரு டேங்க் என்றால் மாதம் 84 யூனிட். 200 யூனிட் வரம்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு! பக்கெட்டில் விளாவிக் குளித்தால் ஆளுக்கு 0.4 யூனிட் போதும். பத்து நிமிட ஷவர் அதைப்போல் நாலு மடங்கு. ஆகவே 200ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிற வீட்டில் கை வைக்க வேண்டிய முதல் இடம் கீசர்தான், டியூப் லைட் அல்ல. தெர்மோஸ்டாட்டை 55-60க்கு இறக்கி வையுங்கள். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தும் 'சூடே வரலை' என்று கீசர் போடுகிற வீடுகள் உண்டு. குழாயில் நிற்கிற பச்சைத் தண்ணீர் முழுதும் வெளியேறினால்தான் சூடு வரும். அதை ஒரு பக்கெட்டில் பிடித்துத் துணி அலசிக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடுகிறது

ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கால்கூட ஒட்டாமல் போகும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ரப்பரை மட்டும் மாற்றலாம். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். சாம்பார் ஆறிய பிறகு உள்ளே போகட்டும். ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அதை 12ஆல் வகுத்தால் மாதக் கணக்கு. புது ஃபிரிட்ஜ் வாங்க யோசிப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்த பிறகு யோசிக்கட்டும்.

கரண்ட் மிச்சமாகும் என்று வாங்கிய சாமானால் பில் குறையவில்லை

ப்ளக்கில் செருகி வைத்தால் பாதிக் கரண்ட் மிச்சம் என்று விற்கிற சின்னப் பெட்டியா? அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர். வீட்டு மீட்டர் கணக்கிடுவது உண்மையில் செலவான யூனிட்டை மட்டும்தான். அந்தப் பெட்டியால் அது குறையாது.

பி.எல்.டி.சி. ஃபேன் வேறு ரகம், அது நிஜமாகவே குறைக்கும். பழைய ஃபேன் 75 வாட் என்றால் இது 30 வாட் அளவுதான். தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம். ஆனால் உங்கள் பில் ஏற்கெனவே பூஜ்யமாக இருந்தால், அந்த 16 யூனிட் மிச்சமாவதால் உங்கள் கைக்கு ஒரு பைசாவும் வராது. இலவச அளவை அடிக்கடி தாண்டுகிற வீட்டுக்கும் க்ருஹ ஜோதி இல்லாத வீட்டுக்கும்தான் அது பொருந்தும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

காவேரி இணைப்பு இருந்தும் டேங்கர் வாங்க வேண்டியிருக்கிறது

2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் ஆயிரம் ரூபாய். அதுவே லிட்டர் எட்டுப் பைசா. காவேரி நீருக்கு 2014க்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் விலையை ஏற்றினார்கள். ஏற்றிய பிறகும் முதல் 8,000 லிட்டருக்கான விலை லிட்டர் ஒரு பைசாவுக்குள்தான் இருக்கிறது (சானிட்டரி கட்டணம் போன்றவை தனி). அதற்கு மேல் போகப் போக அடுக்கடுக்காக ஏறும். ஆக, ஒழுகிப்போகிற ஒவ்வொரு லிட்டர் காவேரி நீரையும் பல மடங்கு விலையில் டேங்கரில் திரும்ப வாங்குகிறோம். வாடகையோடு தண்ணீர்க் காசைப் பங்கு போடுகிற கட்டடத்தில் இருந்தால், பக்கத்து வீட்டு ஒழுகலுக்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஓர் இரவு போதும். எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரையும் உள்வரும் வால்வையும் மூடி, சம்ப்பிலும் மாடி டேங்கிலும் தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். விடியற்காலை யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். சம்ப் மட்டும் இறங்கியிருந்தால் விரிசல். இது ஓனர் செலவு, கொத்தனார் வேலை. மாடி டேங்க் இறங்கியிருந்தால் வீடுகளுக்குள் எங்கோ ஒழுகுகிறது. இரண்டும் இறங்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பால் வால்வு, அதாவது பந்து மிதந்து மூடுகிற வால்வு. காவேரி விடுகிற நாளில் சம்ப் நிரம்பியதும் அது தானாக மூட வேண்டும். மூடாவிட்டால் மீட்டரைத் தாண்டி வந்த தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போகும். பில் நமக்கு வரும். நடு ராத்திரியில் தண்ணீர் விடுகிற தெருக்களில் இதை யாரும் பார்ப்பதே இல்லை.

வீட்டுக்குள் ஒழுகல் என்றால் முதலில் வெஸ்டர்ன் டாய்லெட்டைச் சோதியுங்கள். ஃபிளஷ் டேங்கில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளோ கேசரிப் பவுடரோ போட்டு இருபது நிமிடம் யாரும் உபயோகிக்காமல் விடுங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் நாள் முழுக்க ஒழுகுகிற ஆசாமி இது. வாஷர் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு மணி நேரம் குவளை வைத்து, வந்ததை 24ஆல் பெருக்குங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று சொல்லத் தோன்றாது.

குழாய் முனையில் திருகி, காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைக்கிற ஏரேட்டரை 2024 தட்டுப்பாட்டின்போது குடிநீர் வாரியமே அடுக்குமாடிகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. சமையலறைக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நல்லது. பக்கெட் பிடிக்கிற குழாய்க்கு வேண்டாம். பக்கெட்டுக்கு எப்படியும் அதே தண்ணீர்தான், நேரம்தான் வீண். உப்பு அடைத்துக்கொண்டால் வினிகரில் ஊறப் போட்டால் சரியாகிவிடும்.

வாட்டர் ஃபில்டர் செலவு வருடா வருடம் கையைக் கடிக்கிறது

உங்களுக்கு ஆர்.ஓ. (கரைந்த உப்பையும் நீக்குகிற ஃபில்டர்) தேவையா என்பதே முதல் கேள்வி. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. வேண்டியதில்லை என்பதுதான் 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் நிலைப்பாடும். சில நூறு ரூபாய்க்கு இந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, தெரிந்தவரிடம் இரவல் வாங்கினாலும் போதும். காவேரி மட்டும் வருகிற வீட்டில் அளவு 500க்கு வெகு கீழே இருக்கும். அங்கே ஆர்.ஓ.வின் மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) மாற்றுவதற்குக் கொடுக்கிற காசு வீண். கிருமிக்குக் காய்ச்சினால் போதும், இல்லையென்றால் யு.வி. ஃபில்டர். ஆனால் சம்ப்பில் டேங்கர் தண்ணீரும் போரும் கலக்கிறதா என்று கேட்டுவிட்டு, வெவ்வேறு நாட்களில் அளந்து முடிவெடுங்கள்.

ஆர்.ஓ. வேண்டியதுதான் என்றால், அது கழித்துவிடுகிற தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து வீடு துடைக்கவும் டாய்லெட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு கூடுதல், செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள்.

சிலிண்டர் சொன்ன நாளுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது

மாட்டுகிற அன்றே தேதியை சிலிண்டர் மேல் சாக்பீஸால் எழுதுங்கள். அது இல்லாமல் 'சீக்கிரம் தீர்ந்துபோச்சு' என்பது வெறும் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

நிஜமாகவே குறைந்தால், அடுத்த சிலிண்டர் வரும்போது எடை. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் வருவதுதான் மொத்த எடை. எடை போட்டுக் காட்டக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'வெயிட் மாடி தோர்சி அண்ணா' (எடை போட்டுக் காட்டுங்க அண்ணா) என்று கன்னடத்தில் சிரித்துக்கொண்டே கேட்டால் போதும். மாடிக்கு ஏற்றியதற்குத் தனிக் காசு கேட்பதும் வழக்கமாகிவிட்டது. பில் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற கூலி அடங்கியிருக்கிறது. மூன்று மாடி ஏறி வந்தவருக்கு நீங்களாகப் பிரியப்பட்டுக் கொடுப்பது வேறு விஷயம்.

எடை சரியென்றால் அடுப்பைப் பாருங்கள். நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுக்கிறதா? பர்னர் துளைகள் பொங்கிய பாலாலும் சாதக் கஞ்சியாலும் அடைத்திருக்கின்றன. கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைத்து ஊசியால் குத்துங்கள். ரெகுலேட்டர், ட்யூப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். வாசனை பலமாக வந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். எந்த ஸ்விட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே போய் 1906க்கு அழையுங்கள்.

க்ருஹ ஜோதி இலவச அளவில் மாதாமாதம் யூனிட் மீந்துபோகிற வீடுகளுக்கு ஒரு வழி உண்டு. ஒரு சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். காசு கொடுத்து வாங்கும் கரண்டில் இது பெரிய லாபமில்லை. இலவச யூனிட் மீதியிருந்தால் பால், டீ, சுடுதண்ணீர் மூன்றையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றுங்கள். மீதி இல்லாத வீட்டில் இதைத் தொடவே வேண்டாம்.

மாவு புளிக்கவில்லை, அதனால் பாக்கெட் மாவு வாங்குகிறோம்

டிசம்பர், ஜனவரியில் இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் சத்தமில்லாமல் ஏறுகிற செலவு இது. இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது, மதுரையில் ஆறு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே காலையிலும் கல்லாட்டம் கிடக்கும். இரண்டு தடவை ஏமாந்த பிறகு வீட்டில் கிரைண்டரை மூடி வைத்துவிட்டுப் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். குளிர் போன பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் போட்டால் மூன்று கிலோ மாவு வரும். நீங்கள் வாங்குகிற பாக்கெட் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கரண்ட் செலவு என்ற சாக்கும் எடுபடாது. மேசைமேல் வைக்கிற கிரைண்டர் 150 வாட். அரை மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

சரிசெய்ய வேண்டியது சூடு மட்டும்தான். அரிசியையும் உளுந்தையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள், வெந்தயம் ஒரு ஸ்பூன் கூட விழட்டும். அரைத்த பிறகு கரண்டியால் கலக்காமல் கையால் நன்றாகக் கலக்குங்கள். மாவுப் பாத்திரத்தை மைக்ரோவேவ் உள்ளே, அதை ஓட்டாமல், ஒரு சொம்பு கொதிநீரோடு வைத்து மூடினால் காலை வரை கதகதப்பு நிற்கும். மைக்ரோவேவ் இல்லாதவர்கள் பெரிய ஹாட்பாக்ஸில் வைக்கலாம், அல்லது கம்பளியில் சுற்றி யு.பி.எஸ். பக்கத்தில் வைக்கலாம். அதன் மேலே வேண்டாம். பொங்கினால் மாவு யு.பி.எஸ்.ஸுக்குள் போகும். இரவு ஏழு மணிக்கு அரைப்பதை மதியம் மூன்று மணிக்கு மாற்றினால், வெயில் சூட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இத்தனைக்கும் எழவில்லை என்றால் உளுந்து பழசு. அடுத்த தடவை சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டை விட்டுவிட்டு, சிவாஜிநகரிலோ ஸ்ரீராம்புரத்திலோ சரக்கு வேகமாகத் தீர்கிற மளிகைக் கடையில் வாங்கிப் பாருங்கள்.

காய்கறி வாங்குகிறோம், பாதி குப்பைக்குப் போகிறது

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிற ஆப்பில் ஒரு கொத்தமல்லிக் கட்டுக்காக ஆரம்பித்து, டெலிவரி இலவசமாக வேண்டும் என்பதற்காக இன்னும் மூன்று சாமான் சேர்க்கிறோமே, அந்த மூன்றுதான் அழுகுவது. போனில் ஒரு பட்டியல் வைத்து, அவசரமில்லாததை அதில் எழுதி, வாரம் இருமுறை மட்டும் வாங்குங்கள். ஹாப்காம்ஸ் (தோட்டக்கலைக் கூட்டுறவு) கடையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். மற்ற இடத்தில் பேரம் பேச அது ஓர் அளவுகோல். கே.ஆர். மார்க்கெட் மலிவுதான், ஆனால் ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்தால் மலிவு ஆட்டோவிலேயே தீர்ந்துவிடும். நாலு வீடு சேர்ந்து வாங்கினால் போகலாம்.

மாதாமாதம் சின்னச் சின்னத் தொகை அக்கவுண்டிலிருந்து போகிறது

யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால் நீங்கள் எப்போதோ சம்மதம் கொடுத்தவையெல்லாம் வரிசையாக நிற்கும். அங்கேயே நிறுத்தலாம். கார்டில் கொடுத்த சம்மதத்தை பேங்க் ஆப்பில் தேடுங்கள். பணம் எடுப்பதற்கு ஒருநாள் முன்னால் வருகிற எஸ்.எம்.எஸ்.ஸைத் தள்ளிவிடாமல் படித்தால் போதும்.

பழுது தெரிந்துவிட்டது, ஓனர் செலவு செய்ய மாட்டேன் என்கிறார்

வாஷர், ஏரேட்டர், பர்னர் மாதிரிச் சில்லறை விஷயங்களுக்கு அவரிடம் போகவே வேண்டாம். நீங்களே வாங்கிப் போட்டுவிடுங்கள். கேட்டுக் காத்திருக்கிற மாதத்தில் அதைவிடக் கூடுதலாகப் போய்விடும். வயரிங், சம்ப் விரிசல், பால் வால்வு, அவருடைய கீசர், இவை அவர் பொறுப்பு. வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் மீட்டர் போட்டோவும் ஒரு வரிக் கணக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 'நான் செய்துவிட்டு அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டு, அவர் சரி என்று எழுத்தில் சொன்ன பிறகு செய்யுங்கள். ரசீதை அக்ரிமென்ட் காகிதத்தோடு சேர்த்து வையுங்கள்.

உங்கள் காசில் மாட்டிய ஏரேட்டர், பி.எல்.டி.சி. ஃபேன் எல்லாம் காலி செய்யும்போது உங்களோடு வர வேண்டியவை. கழற்றிய பழைய ஃபேனைக் காயலான் கடைக்குப் போடாமல் பரணில் வைத்திருங்கள். போகும்போது திரும்ப மாட்டித் தராவிட்டால், பெயின்ட் காசோடு அதையும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.